பல்விந்தர் வரதாச்சாரியின் முழங்கால்

பல்விந்தர் வரதாச்சாரி திண்டுக்கல்லுக்கு வந்து சேர்ந்த வியாழக்கிழமை சாயங்காலம், ஜெசிந்தா டீச்சர் இரண்டு தலையணைமேல் இடது காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, கரண்ட் போன கூடத்தில் பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டு, இந்த உலகத்தில் யார் யார்மேல் கோபப்படலாம் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்து, எல்லார்மேலும் படலாம் என்கிற முடிவுக்கு வந்திருந்தாள். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு ஆள் வந்து நின்றான். பச்சையும் மஞ்சளும் பட்டை போட்ட பனியன், மூன்றாம் நம்பர், தோளில் ஒரு பை, இடது முழங்காலில் கட்டு. அவன் மூக்கு எங்கேயோ பார்த்த மூக்காக இருந்தது, காதும் அப்படித்தான், மொத்தமாகப் பார்த்தால் மட்டும் பார்த்ததாக இல்லை.

"வீரர் காயமடைந்துள்ளார்," என்றான் அவன். "பெயர், பல்விந்தர் வரதாச்சாரி. இடம், இடது பின்களத் தடுப்பு. வயது, முப்பத்து மூன்று. மனநிலை, பொறுமை."

ஜெசிந்தாவுக்கு ஆச்சரியம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது, ஏனென்றால் முன்பின் பார்த்திராத அந்த ஆளை அவளுக்குப் பதினோரு வருஷமாகத் தெரியும். பல்விந்தருக்குக் காய்ச்சல் என்று அவள் புருஷன் சவரிராஜ் காப்பி குடிக்காமல் உட்கார்ந்திருந்த காலை உண்டு. பல்விந்தருக்குப் பாதுகாப்புத் திறன் ஒரு படி ஏறிவிட்டது என்று அவர் தன்னாலே கேசரி கிண்டிய சாயங்காலமும் உண்டு. அவள் உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"ஏங்க, உங்க ஆளு வந்திருக்கான். வந்து பாருங்க."

சவரிராஜ் கைப்பேசியோடு வெளியே வந்தார். வந்தவனைப் பார்த்தார், கைப்பேசியைப் பார்த்தார், திரும்பவும் வந்தவனைப் பார்த்து, சொந்தக்காரப் பையனை வரவேற்பதுபோல, "உள்ள வாப்பா, வெயில்ல நிக்காத," என்றார்.

அது என்ன விளையாட்டு என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். எங்கோ ஒரு குளிர்தேசத்தில், வெளியே பனி கொட்டுவதால் வேறு வேலை இல்லாத யாரோ ஒருவன் செய்துவைத்த கால்பந்து விளையாட்டு அது. அதில் பந்து கிடையாது, மைதானம் கிடையாது, ஓடுகிற ஆள் கிடையாது. பெயர்களும் கட்டங்களும்தான் உண்டு. ஒரு அணியைக் கையில் கொடுப்பார்கள். இந்திய அணி என்றால் இந்தியப் பெயர்களாகப் போடவேண்டும் என்று அந்த எந்திரத்துக்குத் தெரியும், எந்தப் பெயரோடு எந்தப் பெயர் சேரும் என்பது மட்டும் தெரியாது. யார் ஆடுவது, யார் உட்காருவது, யாருக்கு என்ன பயிற்சி என்று முடிவு செய்துவிட்டு சும்மா இருக்க வேண்டும். சனிக்கிழமை ஒரு ஆட்டம் நடக்கும். அதுவும் எழுத்தில்தான் நடக்கும். வியாழக்கிழமை நாலு மணிக்குப் பயிற்சியின் பலன் வரும். பலன் என்றால் ஒரு கட்டத்துக்குள் ஒரு கோடு இம்மியளவு நகர்ந்திருக்கும், நகராமலும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு அடுத்த வியாழன்வரை திரும்பவும் சும்மா இருக்க வேண்டும். காசு கட்டி வேகப்படுத்த முடியாது, கெஞ்சியும் முடியாது. இதை, எரிந்த மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிற, கையில் தொழில் உள்ள, புத்தி சுவாதீனமான ஒரு மனுஷன் பதினோரு வருஷமாக ஆடிக்கொண்டிருந்தார்.

ஜெசிந்தாவோ பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். காலேஜ் நாளில் நூறு மீட்டரில் மாவட்டத்தின் முதல் ஆள். அடுப்பில் பால் வைத்தால் அது பொங்குவதற்குள் குளித்துவிட்டு வந்து நிற்கிறவள். விளையாட்டு என்றால் துப்பாக்கி வெடிக்கவேண்டும், ஓடவேண்டும், ஜெயித்தது யார் தோற்றது யார் என்று கண்ணெதிரே தெரிந்துவிடவேண்டும்; அதற்குப் பெயர்தான் விளையாட்டு, மற்றதெல்லாம் கிரகணத்துக்கு உட்கார்ந்திருப்பது என்பது அவள் கட்சி. சவரிராஜ் அந்த விளையாட்டு முழுவதையும் சம்பளமில்லாமல் தமிழில் மொழிபெயர்த்துக் கொடுத்தபோது அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அகராதியும் கையுமாக மாசக்கணக்கில் உட்கார்ந்து, அவள் காலையில் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருக்கும்போதெல்லாம் பக்கத்தில் வந்து நின்று, இதுக்குத் தமிழில் என்ன வரும், அதுக்கு என்ன வரும் என்று கேட்பார். அவளும் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு ஓடுவாள்.

அப்படி ஓடியவள்தான் இப்போது தலையணைமேல் காலை வைத்துக்கொண்டு கிடந்தாள். நீளம் தாண்டச் சொன்னால் சிரிக்கிற எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தாண்டிக் காட்டப் போய், மணலில் இறங்கின மாத்திரத்தில் முழங்காலுக்குள் ஏதோ அறுந்தது அவள் காதுக்கே கேட்டது. ஜவ்வு கிழிந்துவிட்டது என்றார்கள், ஆபரேஷன் செய்தார்கள், மாசக்கணக்காகும் என்றார்கள். அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம். ஆண்டு விளையாட்டு விழாவில் ஜோதி ஏந்தி மைதானத்தை முதல் சுற்று ஓடுவது மற்ற ஊர்களில் போல மாணவிகள் இல்லை, பி.டி. டீச்சர். பிள்ளைகளை ஓடச் சொல்லுகிறவள் முதலில் ஓடிக் காட்டட்டும் என்று என்றோ ஒரு கன்னியாஸ்திரி வைத்துவிட்டுப் போன சட்டம். ஜெசிந்தா வேலைக்குச் சேர்ந்த வருஷத்திலிருந்து ஒரு வருஷம் தவறாமல் அந்தச் சுற்றை அவள்தான் ஓடினாள். தலைமை ஆசிரியை லூர்துமேரி சிஸ்டர் போன் பண்ணி, "இந்த வருசம் புதுசா வந்திருக்க சாரை ஓடச் சொல்லிரலாமா டீச்சர்? நீங்க ஆபீஸ்ல உக்காந்து சர்ட்டிபிகேட் எழுதுங்க, சிரமப்படாதீங்க," என்று கனிவாகக் கேட்டபோது, ஜெசிந்தாவுக்கு அந்தக் கனிவுதான் தாங்கமுடியவில்லை. "நான் ஓடுவேன் சிஸ்டர்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். விழா பொங்கல் கழிந்து. அப்போது ஆடி மாசம்.

பல்விந்தர் ஏன் வந்தான் என்பதற்குக் காரணம் சுலபமானது. அணிக்கு ஒரு பிசியோதெரபிஸ்டை வைக்கச் சொல்லி விளையாட்டு பல வருஷமாக ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்திருக்கிறது, சவரிராஜ் கேட்கவில்லை; காலைப் பார்க்க ஆளில்லாமல் வீரன் மேலாளர் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"அந்தக் காசுல கேலரி கட்டினேன்," என்றார் அவர், குற்றம் செய்த முகத்தோடு. "மேற்குப் பக்கம் ஜனங்க வெயில்ல நின்னாங்க ஜெசி."

"இல்லாத ஜனத்துக்கு இல்லாத கேலரி. சரி. இங்க கட்டின பொண்டாட்டி ஒருத்தி காலு ஒடிஞ்சு கிடக்கா, அவளுக்கு என்ன கட்டுனீங்க?"

"வாராவாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்ல?"

"போனவாரம் மறந்துட்டீங்க."

பல்விந்தர் இருவரையும் பார்த்து, "இரு அணிகளும் ஆட்டத்தில் கட்டுப்பாட்டை இழந்து வருகின்றன," என்றான். அவனுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். சவரிராஜ் அகராதி பார்த்து எழுதிய வாக்கியங்களைத் தவிர ஒரு சொல் அவன் வாயிலிருந்து வராது. புருஷன் தன்னிடம் பேசாத பேச்சையெல்லாம் இவன் வாயில் எழுதிவைத்திருக்கிறார் என்று ஜெசிந்தாவுக்கு வயிறு எரிந்தது. எரிந்தாலும் ஒரு கட்டிலை ஒழித்துக் கொடுத்தாள்.

அவர்கள் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் பத்து நாளில் அவன் பழகிப் போனான். சங்கச் செயலாளர் பாக்கியநாதன் வந்து, கூடுதல் ஆள் இருந்தால் விதிப்படி தண்ணீர்க் கட்டணம் உண்டு, விருந்தாளியென்றால் கிடையாது, இவர் எதில் சேர்த்தி என்று கேட்டார். கமிட்டி கூடி, அடுத்த வியாழன்வரை விருந்தாளி என்று தீர்மானித்தது. அதற்கடுத்த வியாழனும் அதையே தீர்மானித்தது. பைபாஸில் தாபா நடத்துகிற சர்தார் பெயரைக் கேள்விப்பட்டு ரொட்டியோடு வந்து பஞ்சாபியில் பேசிப் பார்த்தார். இவன், "வானிலை, ஓரளவு மேகமூட்டம்," என்றான். சர்தார் கோபித்துக்கொள்ளவில்லை. "நானே இருவது வருசமா திண்டுக்கல்தான், எனக்கே பாதி மறந்துருச்சு," என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். சி பிளாக்கில் இருக்கிற, பேங்கில் ஓய்வுபெற்ற சாரங்கபாணி பெயரின் மறுபாதிக்காக வந்தார். நெடுநேரம் உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்தவர் ஜெசிந்தாவிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

"வடகலையா தென்கலையான்னு கேட்டா, வீரர் இடது காலால் உதைப்பவர்ங்கறான் டீச்சர். இதுக்கு நான் என்ன அர்த்தம் பண்ணிக்கறது?"

"உதைக்கலையேன்னு சந்தோசப்படுங்க சார்," என்றாள் ஜெசிந்தா.

ஆனால் எல்லாருக்கும் அவன் பெயரைவிட அவன் முழங்கால்தான் முக்கியமாக இருந்தது, ஏனென்றால் பொங்கலுக்குக் குடியிருப்புக்கும் ரயில்வே லயன் வீட்டுக்காரர்களுக்கும் கால்பந்துப் போட்டி உண்டு, அதில் குடியிருப்பு ஜெயித்ததாக உயிரோடு இருக்கிற யாருக்கும் ஞாபகமில்லை. இவன் காலைச் சரியாக்கி இறக்கிவிட்டால் போதும் என்று பாக்கியநாதன் கணக்குப் போட்டார். கட்டு வைத்தியர் ஒச்சப்பனைக் கூட்டிவந்தார்கள். அவர் பச்சிலையும் முட்டை வெள்ளையும் குழைத்து, மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, மூணே நாளில் ஓடுவான் என்றார். மூன்று நாளில் ஒன்றும் ஆகவில்லை. பங்குச் சாமியார் வந்து மந்திரித்த எண்ணெய் தடவி ஜெபித்தார், அன்றும் ஆகவில்லை. ஆட்டுக்கால் சூப்பு வந்தது, பிரண்டைத் துவையல் வந்தது, யாரோ ஒருவர் குதிரைக்குப் போடுகிற தைலம்கூடக் கொண்டுவந்தார். பல்விந்தர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான், எல்லாரையும் பார்த்து, "பார்வையாளர் வருகை எதிர்பார்த்ததைவிட அதிகம்," என்றான், அவன் முழங்கால் மட்டும் அப்படியே இருந்தது. வியாழக்கிழமை நாலு மணி அடித்ததும், யாரும் தொடாமலே, எல்லார் கண்ணெதிரிலும் அவன் கால் இம்மியளவு மடங்கிற்று. அதே நேரத்தில் ஒரு வாரத் தாடியும் மொத்தமாக முளைத்தது.

"என் கட்டுதான்," என்றார் ஒச்சப்பன். ஜெபம்தான் என்றார்கள் சாமியாரோடு ஜெபிக்க வந்த அன்பியத்துக் கூட்டத்தார். சூப்பு கொண்டுவந்தவர்கள் சூப்பு என்றார்கள்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமை என்றால் ஜெசிந்தா வீட்டுக் கூடத்தில் நிற்க இடமில்லை. மூன்று மணிக்கே நாற்காலிகளோடு வந்துவிடுவார்கள். வந்து, ஒரு முழங்காலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள். மின்கட்டண வரிசையில் ஐந்து நிமிஷம் நிற்கமாட்டாமல் சண்டை போடுகிற அதே ஆட்கள் ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் காத்திருந்து, இம்மியளவு மடங்கினதும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிவிட்டு, நிறைந்த மனதோடு எழுந்து போனார்கள். பிறகு அந்த வியாழக்கிழமை குடியிருப்பு முழுக்கப் பரவிற்று. மாமியார் மருமகள் சண்டைகள் வியாழக்கிழமைக்குத் தள்ளிவைக்கப்பட்டன, தள்ளிவைத்ததில் பாதி மறந்தும் போயின. சாக்கடை அடைப்பு என்று யார் போய்ச் சொன்னாலும் பாக்கியநாதன், "வியாழக்கிழமை பாக்கலாம்," என்றார். அதற்கு முன்னால் அவர் எந்தக் கிழமையும் சொன்னதில்லை என்பதால் அதுவே ஜனங்களுக்கு முன்னேற்றமாகத் தெரிந்தது.

எல்லாருக்கும் இனித்தது, ஜெசிந்தாவுக்கு மட்டும் கசந்தது. அவளுக்கும் அதே முழங்கால், அதே ஜவ்வு, அதே இடது பக்கம். முப்பது பேர் அவள் வீட்டுக்குள் அவள் காப்பியைக் குடித்துக்கொண்டு இன்னொருத்தன் காலைப் பார்த்தார்கள். ஒருவர்கூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. அவள் புருஷன் உட்பட. அவமானமாக இருந்தது, அதைவிட, இதற்குப்போய் அவமானப்படுகிறோமே என்று இருந்தது. ஒரு வியாழக்கிழமை கூட்டம் கலையும் சமயம் அவள் கைத்தடியை எடுத்துக் கதவில் ஒரு தட்டு தட்டினாள்.

"இங்கயும் ஒரு முட்டி இருக்கு. டிக்கெட்டு வாங்கணும்னாலும் வாங்கிட்டுப் பாத்துட்டுப் போங்க."

அவர்கள் சங்கடத்தோடு சிரித்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் விடிந்ததும், சவரிராஜ் பூசைக்குப் போயிருந்த நேரத்தில், அவள் கைத்தடியை உள்ளேயே விட்டுவிட்டு, ஸ்டாப்வாட்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பிளாக்குக்குப் பின்னால் இருக்கிற சிமெண்ட் தளத்துக்குப் போனாள். தளத்தின் அந்தக் கோடிக்கு எத்தனை வினாடி என்று மட்டும் தெரிந்தால் போதும் என்று இருந்தது. காலை மடக்கவே வராத நிலையில் நேரம் பிடிக்கப் போகிற புத்தி வேறு எந்த நோயாளிக்கும் வராது. அவள் வாழ்நாளெல்லாம் வேறொன்றும் பிடித்ததில்லை. பொத்தானை அமுக்கினாள், நாலு எட்டு ஓடினாள், ஐந்தாவதில் விழுந்தாள். முழங்கால் பந்தாக வீங்கிற்று. டாக்டர் திட்டிய திட்டில் சவரிராஜ்கூட அழுதுவிட்டார். மொத்தமும் முதலிலிருந்து, இரண்டு தலையணையிலிருந்து.

பல்விந்தர் அவள் கட்டிலருகே நொண்டி வந்து நின்றான். "அதிதீவிரப் பயிற்சி காயத்தை அதிகரிக்கும்," என்றான்.

ஜெசிந்தா ஸ்டாப்வாட்சைக் கழற்றி அவன்மேல் எறிந்தாள். அது சுவரில் பட்டு விழுந்து நின்றுபோயிற்று. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

சவரிராஜ் அன்று கடை திறக்கவில்லை. நெடுநேரம் கட்டில் காலடியிலேயே உட்கார்ந்திருந்தார். அவள்தான் பேசினாள்.

"அதுல என்னதான் இருக்கு? எனக்கு இன்னிக்குத் தெரிஞ்சாகணும். பதினோரு வருசம்."

அவர் யோசித்தார். அவர் யோசிக்கிற வேகமே அவளுக்கு ஆகாது; இன்று வேறு வழியில்லாமல் காத்திருந்தாள்.

"கடைக்கு வர்றவன் எல்லாம் இப்பவே குடுங்கிறான்," என்றார் அவர். "காயில் எரிஞ்சிருச்சு, பயிரு வாடுது, மாடித் தொட்டில தண்ணி இல்ல, இப்பவே குடு. காயில மெதுவாத்தான் சுத்தணும் ஜெசி, அவசரப்பட்டா திரும்ப எரிஞ்சிரும். அத யார்ட்டயும் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்தா நீயும் பறக்குற. இதுல மட்டும் ஒருத்தனும் என்னைய விரட்ட முடியாது. ராசாவே வந்தாலும் வியாழக்கிழமைதான். திங்கக்கெழம நான் ஒண்ணுமே செய்யாம கடையில உக்காந்திருக்கும்போதும், எங்கயோ ஒரு கோடு எனக்காக நகந்துக்கிட்டிருக்கு. கண்ணுக்குத் தெரியாது. ஆனா நகரும். அந்த நெனப்பு நல்லாருக்கும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

இதற்கா பதினோரு வருஷம் என்று அவளுக்கு ஆயாசமாக இருந்தது. அவர் எழுந்து போய்க் கடை மார்க்கரை எடுத்துவந்தார். ஈஸ்டருக்கு வெள்ளையடித்த சுவரில், அவள் கட்டிலுக்கு நேராக, விளையாட்டில் இருப்பதுபோலவே ஒரு நீளமான கட்டம் வரைந்து, அதன் இடது கோடியில் ஒரு விரற்கடை அளவுக்குக் கறுப்படித்தார்.

"செவுத்தக் கெடுக்காதீங்க," என்றாள் ஜெசிந்தா. அழிக்கச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வாராவாரம் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற பிள்ளை அவள் காலை மடக்கிப் பார்த்துச் சொல்வதை வைத்து, வியாழக்கிழமை நாலு மணிக்கு அவர் கட்டத்துக்குள் இம்மியளவு கறுப்படிப்பார். அவளும் பல்விந்தரும் காலையும் மாலையும் கூடத்தில் அக்கம்பக்கமாகக் கால் நீட்டி உட்கார்ந்து, குதிகாலை இழுப்பதும் விடுவதுமாக இருந்தார்கள். முதல் சில வாரம் அந்தக் கட்டத்தைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு ஒரு புதன்கிழமை, சாம்பாருக்குப் பருப்பு வேகக் காத்திருக்கும்போது, நாளைக்கு எவ்வளவு ஏறும் என்று மனசு தானாகக் கேட்டது. அவள் அதை அதட்டி உட்காரவைத்தாள். அடுத்த புதன்கிழமை அதட்டவில்லை. கைத்தடி போயிற்று, படியேறினாள், ஒரு நாள் மண்டிபோட்டு ஜெபம் சொன்னாள். கூட்டம் இப்போது முதலில் சுவரைப் பார்த்துவிட்டு அப்புறம்தான் பல்விந்தரைப் பார்த்தது. சாரங்கபாணி தன் சர்க்கரை அளவுக்கு ஒரு கட்டம் போட்டுக்கொண்டார். குழாயடியில் யாராவது பதறினால், நகரும் நகரும் என்று மற்றவர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். ஜெசிந்தாவுக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் பல்லைக் கடிக்கத் தோன்றும், ஆனாலும் அவளுக்கு வியாழக்கிழமை பிடித்துப் போயிருந்தது.

மார்கழி வந்தது. அந்த விளையாட்டில் வருஷம் நம்முடையதைவிடச் சின்னது. ஒரு வியாழக்கிழமை நாலு மணிக்கு, எல்லார் முன்னிலையிலும், பல்விந்தரின் காதோரம் நரைத்தது. அவன் எழுந்து நின்றான்.

"வயது, முப்பத்து நான்கு. இந்த வயதில் முழுமையாகக் குணமடைய வாய்ப்பில்லை. வீரரை அணியிலிருந்து விடுவிக்கப் பரிந்துரைக்கப்படுகிறது."

ரயில்வே லயன் போட்டி போயிற்று என்று பாக்கியநாதன் தலையில் கைவைத்தார். ஜெசிந்தா சுவரைப் பார்த்தாள். அன்று காலைதான் டாக்டர் அவளிடமும் அதையே, அதைவிட மோசமான தமிழில் சொல்லியிருந்தார். நடக்கலாம், வேலைக்குப் போகலாம், விசில் ஊதலாம். ஓட்டம் இனி கிடையாது. ஓடினால் அறுந்துவிடும். சுவரில் கட்டம் முக்கால்வாசி கறுத்திருந்தது. மிச்சம் அப்படியேதான் இருக்கும் என்று இப்போது அவளுக்குத் தெரியும். இவ்வளவு பொறுமையும் இதற்குத்தானா என்று இருந்தது.

விடுவிக்கிற பொத்தானைச் சவரிராஜ்தான் அமுக்கவேண்டும். அவர் கைப்பேசியை எடுப்பார், பல்விந்தரைப் பார்ப்பார், வைத்துவிடுவார். பொங்கல் வந்து போயிற்று. குடியிருப்பு வழக்கம்போலத் தோற்றது; இந்த முறை யாரும் சண்டை போடவில்லை.

"என்னால முடியாது ஜெசி," என்றார் சவரிராஜ் விழாவுக்கு முந்தின நாள். "நீ அமுக்கு."

"நாளைக்குப் பாக்கலாம்," என்றாள் அவள்.

விழா நாளன்று லூர்துமேரி சிஸ்டர் கொடியேற்றிவிட்டுத் திரும்பியபோது, ஜெசிந்தா வெள்ளை ஷூவும் விசிலுமாக ஜோதிக்கு முன்னால் நின்றிருந்தாள். புது சார் ஓடுவதற்குத் தயாராகக் காலை உதறிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், நீங்க ஓடக்கூடாதுன்னு டாக்டர்..."

"ஓடல சிஸ்டர். நடக்கிறேன். ஒரு சுத்துன்னுதான் சட்டம். எவ்வளவு நேரத்துலன்னு சட்டம் இல்ல."

ஜோதியைத் தூக்கிக்கொண்டு அவள் நடந்தாள். அவளுக்கு இடப்பக்கம், உள்கோட்டில், பல்விந்தர் வரதாச்சாரி மூன்றாம் நம்பர் பனியனோடு கூடவே நொண்டி நடந்தான். இந்த மைதானத்தைக் கண்மூடித் திறப்பதற்குள் சுற்றி வந்தவளுக்கு, முதல் வளைவே முடியாத வளைவாக இருந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். சிறப்பு விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சிஸ்டர் பேண்டுக்காரர்களிடம் நிறுத்துங்கள் என்று சைகை காட்டினார், வாசிக்கச் சொன்னார், திரும்பவும் நிறுத்தச் சொன்னார். மேற்குப் பக்கம் மட்டும், வெயிலில், வீட்டிலிருந்து கொண்டுவந்த நாற்காலிகளில் குடியிருப்பு முழுவதும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. காத்திருக்க அவர்களுக்குத் தெரியும். அந்த அமைதி கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. மூன்றாவது வளைவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள், பிறகு எல்லாரும் நின்றார்கள். ஜெசிந்தாவுக்கு முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. எங்கோ ஒரு கோடு நகர்ந்துகொண்டிருக்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டதற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டாள். சுற்றை முடித்து, விழாவுக்கென்று வைத்திருந்த கொப்பரையில் ஜோதியால் நெருப்பை வைத்தாள்.

கூட்டம் கைதட்டிக்கொண்டிருக்கும்போதே சவரிராஜ் வந்து கைப்பேசியை நீட்டினார். பல்விந்தர் பையைத் தோளில் மாட்டியிருந்தான். அவள் பொத்தானை அமுக்கினாள். திரையில் ஒரு வாக்கியம் வந்தது. மேலாளர் வீரருக்கு வாசித்துக் காட்டவேண்டியது. பதினோரு வருஷத்தில் அந்த விளையாட்டிலிருந்து அவள் கேட்ட தமிழெல்லாம் அகராதித் தமிழ். இது மட்டும் அப்படி இல்லை.

"போயிட்டு வா," என்று அவள் வாசித்தாள். "நீ ஓடின ஓட்டம் எங்கயும் போயிராது."

வாசித்து முடிக்கும்போதே அந்தக் குரல் யாருடையது என்று தெரிந்துவிட்டது. ஒரு நாள் காலை, அவள் ஒரு ஷூ மாட்டி ஒன்று மாட்டாமல் இருக்கையில், சவரிராஜ் பக்கத்தில் வந்து நின்று, வயசாகிப்போன வீரனை அனுப்பிவைக்கும்போது என்ன சொல்லலாம் ஜெசி என்று கேட்டது. போயிட்டு வா, நீ ஓடின ஓட்டம் எங்கயும் போயிராதுன்னு எழுதுங்க, ஆளை விடுங்க, எனக்கு பஸ்ஸு போயிரும் என்று கத்திவிட்டு அவள் ஓடியது. அவர் பஸ்ஸை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை எழுதி வைத்திருந்தார். அவள் அந்த வாக்கியத்தை இன்னொரு தடவை வாசித்தாள், சத்தமில்லாமல், தனக்கு. கண்ணில் நீர் நிற்காமல் வந்தது. மைதானத்தின் நடுவில், பிள்ளைகள் முன்னால், அவள் அதைத் துடைக்கவில்லை.

"மனநிலை, மகிழ்ச்சி," என்றான் பல்விந்தர் வரதாச்சாரி. பள்ளிக்கூட வாசலைத் தாண்டி, பழநி பஸ் நிற்கிற பக்கமாக, அவசரமில்லாமல் நொண்டிப் போனான்.

அவன் மறைகிறவரை பார்த்துவிட்டு ஜெசிந்தா புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஆறு மாசமா அந்தக் கட்டில்ல கெடந்து சாகுறேன். இது நான் சொன்னதுதான்னு அன்னிக்கே சொல்லித் தொலச்சிருக்கக்கூடாதா?"

சவரிராஜ் அவள் கையிலிருந்து விசிலை வாங்கித் தன் சட்டையில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இன்னிக்குத்தான வியாழக்கிழமை," என்றார்.